தமிழிலிருந்து நேராக ஒரு புதிய மொழிக்குள்: சொற்களின் வழியே பண்பாட்டைக் காண முழுமையான வழிகாட்டி

கொரிய மொழிப் பாடநூல் ஒன்றின் தொடக்கப் பாடத்திலேயே ஓர் எச்சரிக்கைக் குறிப்பு இருந்தது. 'என் அம்மா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கொரியர்கள் 'உரி ஒம்மா', அதாவது 'எங்கள் அம்மா' என்பார்கள். உடன்பிறப்பு இல்லாத ஒற்றைப் பிள்ளையும் அப்படியே சொல்லும். மணமான பெண் தன் கணவரையும் 'எங்கள் கணவர்' என்று குறிப்பிடுவதுண்டு. கற்பவர் இதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம் என்று அந்நூல் அறிவுறுத்தியது. நானும் வியப்புக்குரிய செய்தி என்று அதைக் குறித்துக்கொண்டேன். எங்கள் அம்மா, எங்கள் வீடு, எங்கள் வீட்டுக்காரர் என்றெல்லாம் நாள்தோறும் கேட்டும் பேசியும் பழகிய எனக்கு இதில் வியக்க எதுவுமில்லை என்பது சில நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த வியப்பு ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்ட நூலிலிருந்து நான் இரவல் வாங்கியது.

நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது, நான்காவது மொழியை ஆங்கிலம் வழியாகவே கற்கிறோம். பாடநூலும் செயலியும் அகராதியும் ஆங்கிலத்தில் இருப்பதால் அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் எதை விந்தை என்று கருதுவது, எதை இயல்பு என்று கடந்து போவது என்ற முடிவையும் அந்த நூல்களிடமே விட்டுவிடுகிறோம். ஒரு மொழி தன் பண்பாட்டின் பல முகங்களைக் கற்பவருக்குக் காட்டுவது உண்மையே. ஆனால் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அம்முகங்களில் எவை தெரியும் என்பது அமைகிறது. தமிழில் நின்றுகொண்டு நேராகப் பார்ப்பதற்கான படிகளைக் கீழே விளக்குகிறேன். எந்த மொழியைக் கற்பவருக்கும் இவை பொருந்தும். சான்றுகளை மட்டும் பல மொழிகளிலிருந்து எடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: குறிப்பேடும் கால அளவும்

சொற்பட்டியல் எழுதும் ஏட்டிலிருந்து வேறாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் கேட்ட அல்லது படித்த வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். இரண்டாவதில் அதை யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னார்கள் என்று குறிக்க வேண்டும். மூன்றாவதில், அதே சூழலில் தமிழில் நீங்கள் வாயால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதை எழுத வேண்டும். அகராதிப் பொருளை அங்கே எழுதக் கூடாது. நான்காவது பத்தியை வெறுமையாக விடுங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஸ்பானிய மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியம், கொரியம், அரபு, சீனம் ஆகியவற்றுக்கு 2200 மணி நேரமும் ஆகும் என்று கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு பலரையும் மிரட்டுகிறது. ஆனால் இது ஆங்கிலம் பேசுவோருக்கான அளவுகோல் என்பதை மறக்க வேண்டாம். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், எழுவாயைச் சொல்லாமலே பேசிவிடுவதும் ஜப்பானியத்திலும் கொரியத்திலும் நமக்குப் பழகியவை. எழுத்து முறை சுமையாக இருக்கும். வாக்கிய அமைப்பு அவ்வளவு சுமையாக இராது.

முதல் படி: 'நீ'யையும் 'நான்'ஐயும் கவனியுங்கள்

எந்த மொழியிலும் முதல் வாரத்திலேயே முன்னிலைச் சொற்கள் வந்துவிடும். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டோடு வளர்ந்த நமக்குப் பிரெஞ்சின் 'தூ', 'வூ' வேறுபாடு எளிதாகவே தோன்றும். அந்த எளிமையில்தான் பிழை நேர்கிறது. இரண்டு சொல் உண்டு என்பதைத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், ஒருவரை ஒருவர் எப்போது மரியாதைச் சொல்லிலிருந்து நெருக்கச் சொல்லுக்கு மாற்றுகிறார்கள், அந்த மாற்றத்தை யார் முன்மொழிய வேண்டும், மாற்றியபின் திரும்பப் போக முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஜெர்மன் மொழியில் நெருக்கமான 'டூ'வை மூத்தவரோ பதவியில் உயர்ந்தவரோதான் முன்வந்து வழங்குவது வழக்கம். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவிலோ, ஸ்பானியத்தின் மரியாதைச் சொல்லாகிய 'ஊஸ்தெத்' குடும்பத்தினருக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் புழங்குகிறது. ஸ்பெயினில் கற்ற விதி அங்கே செல்லாது.

இத்தகைய விதிகள் ஒரு தலைமுறைக்குள் மாறுவதும் உண்டு. சுவீடனில் நீண்ட காலம் ஒருவரைப் பட்டத்தாலும் பதவியாலும் படர்க்கையில் விளிப்பதே நாகரிகமாக இருந்தது. 1967இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத்துக்குத் தலைமையேற்ற புரூர் ரெக்செட் தம் பணியாளர் அனைவரையும் 'டூ', அதாவது 'நீ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தது அந்த மாற்றத்தின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. இன்று அங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் 'டூ'தான். பழைய பாடநூல் ஒன்றையும் புதிய பாடநூல் ஒன்றையும் அருகருகே வைத்து முதல் உரையாடலை ஒப்பிட்டால், ஒரு சமூகம் எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

'நான்' என்பதும் எல்லா மொழியிலும் நிலையான சொல் என்று எண்ண வேண்டாம். வியட்நாமிய மொழியில் அன்றாடப் பேச்சில் தன்மைக்கும் முன்னிலைக்கும் உறவுச் சொற்களே வருகின்றன: தன்னைவிட மூத்த ஆணிடம் பேசுபவர் தம்மை 'எம்' என்றும் அவரை 'ஆன்' என்றும் சொல்வார், தன்னைவிட இளையவரிடம் திரும்பியவுடன் தம்மைக் குறிக்கும் சொல்லே மாறிவிடும். ஆகவே அறிமுகமானவுடன் வயதைக் கேட்பது அங்கே இலக்கணத் தேவை. 'அண்ணன் சொல்றேன், கேளு' என்று பேசும் நமக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும்.

இரண்டாம் படி: உறவுப் பெயர்களை மரமாக வரையுங்கள்

உறவுப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, உங்கள் குடும்பத்தின் வம்ச மரத்தை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் தமிழ்ச் சொல்லையும் புதிய மொழியின் சொல்லையும் எழுதுங்கள். எங்கே நம் இரண்டு சொல்லுக்கு அவர்களிடம் ஒன்று இருக்கிறது, எங்கே நம் ஒன்றுக்கு அவர்களிடம் இரண்டு இருக்கிறது என்பது வரைபடத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

அரபியை எடுத்துக்கொள்வோம். தந்தையின் உடன்பிறந்தான் 'அம்'. தாயின் உடன்பிறந்தான் 'கால்'. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும் இருவரையும் அரபியும் தமிழும் பிரித்தே காண்கின்றன. இந்த ஒற்றுமையோடு நின்றுவிடாமல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்து, மாமனாரை எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழில் தாயின் உடன்பிறந்தானும் 'மாமா', மாமனாரும் 'மாமா'. அரபியில் பல இடங்களில் மாமனாரை 'அம்' என்று, அதாவது தந்தையின் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லால் அழைக்கிறார்கள். மனைவியை 'பின்த் அம்', அதாவது தந்தையின் உடன்பிறந்தான் மகள் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. நம் முறைப்படி அந்தப் பெண் அக்காள் அல்லது தங்கை. எந்த உறவில் மணம் கொள்ளலாம், எதில் கூடாது என்று இரண்டு சமூகங்கள் காலங்காலமாக எண்ணி வந்தது ஒரு விளிச்சொல்லுக்குள் இருக்கிறது. எந்தப் பாடநூலும் இதைத் தனிப் பாடமாகத் தருவதில்லை. மரத்தை வரைந்தவருக்கு அது தானாகக் கண்ணில் படும்.

அடுத்து, இந்தச் சொற்களில் எவை அயலாரை அழைக்கவும் பயன்படுகின்றன என்று கேளுங்கள். துருக்கியில் தந்தையின் சகோதரிக்கு 'ஹாலா', தாயின் சகோதரிக்கு 'தெய்ஸே'. தெருவில் எதிர்ப்படும் முதிய பெண்மணியை 'தெய்ஸே' என்று அழைப்பார்கள். முதிய ஆணையோ பெரும்பாலும் 'அம்ஜா', அதாவது தந்தையின் சகோதரன் என்பார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் தாய்வழியில் உறவாகிறாள், ஓர் ஆண் தந்தைவழியில் உறவாகிறான். இதற்குக் காரணம் என்ன என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: சூழலுக்கேற்ற வாய்பாடுகளைச் சேகரியுங்கள்

வணக்கம், நன்றி ஆகியவற்றோடு பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. அவற்றுக்கு அப்பால், குறிப்பிட்ட நிகழ்வுக்கென்றே அமைந்த வாக்கியங்களைத் தேடுங்கள். துருக்கியில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரைக் கடக்கும்போது 'கொலாய் கெல்சின்' என்பார்கள். எளிதாக அமையட்டும் என்பது பொருள். நோயுற்றவரிடம் 'கெச்மிஷ் ஒல்சுன்', கடந்து போனதாகட்டும் என்பார்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தவரையும் குளித்து வந்தவரையும் வாழ்த்த அரபியில் 'நஈமன்' என்ற தனிச் சொல் உண்டு. துருக்கியிலும் அதற்கு ஈடான ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் முதியவரிடம் 'ஷிக்காமோ' என்று சொன்னால் அவர் 'மரஹபா' என்று விடை தருவார். இளையவரிடம் யாரும் ஷிக்காமோ சொல்வதில்லை.

இவற்றைச் சேகரிக்கும் வழி எளிது. காலை எழுவது முதல் உறங்கும் வரை ஒரு நாளில் நீங்கள் மற்றவரைச் சந்திக்கும் ஒவ்வொரு சிறு நிகழ்வையும் எழுதி, அந்தந்த இடத்தில் அம்மொழியினர் ஏதேனும் சொல்வார்களா, பேசாமல் இருப்பார்களா என்று தாய்மொழியாளர் ஒருவரிடம் கேளுங்கள். அவர்கள் எதுவும் சொல்லாத இடங்களும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். வெளியே கிளம்பும்போது நாம் 'போய் வருகிறேன்' என்கிறோம். ஜப்பானியரும் 'இத்தேகிமாஸ்' என்று அதையேதான் சொல்கிறார்கள், வீட்டில் இருப்பவர் 'போய் வாருங்கள்' என்ற பொருளில் விடையும் தருகிறார். வருவதைச் சேர்த்துச் சொல்லாமல் வெறுமனே 'போகிறேன்' என்று கிளம்பும் மொழியில் உங்கள் மனம் சற்றுத் துணுக்குறும். அந்தத் துணுக்குறலையும் எழுதுங்கள்.

நான்காம் படி: கடன் சொற்களைத் துறைவாரியாகப் பிரியுங்கள்

ஐந்நூறு சொல் தெரிந்தபின் செய்ய வேண்டிய வேலை இது. விக்சனரி போன்ற சொற்பிறப்பு தரும் அகராதியைத் திறந்துவைத்து, நீங்கள் கற்ற சொற்களில் வேற்று மொழியிலிருந்து வந்தவற்றைத் துறை வாரியாக அடுக்குங்கள். எந்த மொழியிலிருந்து எத்தனை சொல் வந்தது என்ற எண்ணிக்கையைவிட, எந்தத் துறையில் வந்தது என்பதே அதிகம் பேசும்.

மலாய் கற்கும் தமிழருக்கு இந்தப் படி தனி இன்பம். கப்பல் அங்கே 'காப்பால்', கடை 'கெடாய்', கட்டில் 'காத்தில்', வணிகர் போடும் முதல் 'மோடால்'. கப்பல், கடை, முதல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இச்சொற்களைக் கொண்டுசென்றவர் யார், எதற்காகச் சென்றார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். இந்தோனேசியத்தில் சாளரத்துக்கு 'ஜெண்டேலா', நிலைப்பெட்டிக்கு 'லெமாரி', காலணிக்கு 'செபாத்து'. நம்மிடம் ஜன்னல், அலமாரி, சப்பாத்து. இங்கே நாம் கொடுத்ததும் இல்லை, அவர்களிடம் வாங்கியதும் இல்லை. இரு தரப்பாரும் ஒரே கைகளிலிருந்து பெற்றிருக்கிறோம். போர்த்துகீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினார்கள். ஜனேலா, அர்மாரியோ, சபாத்தோ என்ற அவர்களுடைய சொற்கள் இரண்டு கரைகளிலும் இறங்கின. ஒரு மொழியின் வீட்டுப் பொருள்களுக்கு வெளியிலிருந்து வந்த பெயர் இருந்தால், அந்தப் பொருளோ அதன் வடிவமோ அந்தப் பெயரோடு சேர்ந்து வந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்பானியத்திலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு. 711இல் தொடங்கி 1492 வரை, ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரிய நிலத்தின் ஏதேனும் ஒரு பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. சர்க்கரைக்கு 'அசூக்கர்', எண்ணெய்க்கு 'அசெய்த்தே' என்பவை அரபு வழி வந்தவை என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் கவனிக்கச் சொல்வது நீரை: வாய்க்காலுக்கு 'அசேக்கியா', நீர் இறைக்கும் சக்கரத்துக்கு 'நோரியா', குளத்துக்கு 'அல்பெர்க்கா', மழைநீர்த் தொட்டிக்கு 'அல்ஹீபே'. பாசனத் துறையின் அடிப்படைச் சொற்களே அரபாக இருக்கும்போது, வயலுக்கு நீர் பாய்ச்சும் தொழில்நுட்பம் எங்கிருந்து வலுப்பெற்றது என்பது விளங்கிவிடுகிறது. நடந்தால் நன்றாயிருக்கும் என்ற ஏக்கத்தைச் சொல்லும் 'ஒஹலா' என்ற சொல்லும் 'இறைவன் நாடினால்' என்ற அரபுத் தொடரிலிருந்து வந்ததுதான். அதைச் சொல்லும் கத்தோலிக்கர் பலருக்கு அது தெரிந்திருக்காது.

ஐந்தாம் படி: இலக்கணத்தை விளக்கமாகப் படியுங்கள்

பண்பாட்டைத் தேடுவோர் பழமொழித் தொகுப்புகளுக்கு ஓடுகிறார்கள். என் கருத்தில் பழமொழிகள் இதற்கு மிகவும் மோசமான சான்று. எந்த மொழியிலும் ஒன்றுக்கொன்று முரணான பழமொழிகள் கிடைக்கும், அவற்றில் பாதியை இன்று யாரும் பேசுவதில்லை. இலக்கணத்தையோ ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பயன்படுத்தியாக வேண்டும்.

'கொடு' என்ற பொருளுடைய வினைகளிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானியத்தில் நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு', பிறர் எனக்குக் கொடுத்தால் 'குரெரு'; கொடுப்பவரோ பெறுபவரோ மதிப்பில் உயர்ந்தவராயின் வினைகளும் மாறும். ஆங்கில வழிப் பாடநூல்கள் இதைப் பெரும் புதிராக நடத்துகின்றன. தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்ற வேறுபாட்டைத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது. அதோடு, பொருளைத் தரும்படி இரப்பவர் தாழ்ந்தவராயின் 'ஈ', ஒப்பானவராயின் 'தா', உயர்ந்தவராயின் 'கொடு' என்று மூன்றாகவும் பிரிக்கிறது. இன்றைய பேச்சில் அந்தப் பாகுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஜப்பானியரின் வினைகளைப் பயிலும்போது, நம் மொழி முன்னர் எதைப் போற்றி, பின்னர் எதைக் கைவிட்டது என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

ஆனால் எல்லாம் நம்மிடம் இருக்கிறது என்ற மிதப்புக்கு இந்த ஒரு காட்சி மருந்து. ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு வெளியாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தனாகா என்ற மேலாளர் இருக்கிறாரா என்று கேட்கிறார். மரியாதையோடு 'தனாகா-சான்' என்கிறார். எடுத்துப் பேசுபவர் அந்த மேலாளரின் கீழ் வேலை செய்யும் இளைஞர். அவர் 'சான்' சேர்க்காமல், 'தனாகா இப்போது இருக்கையில் இல்லை' என்று, தன்னைத் தாழ்த்திப் பேசும் வினை வடிவத்தைப் போட்டு விடை சொல்கிறார். தொலைபேசியை வைத்துவிட்டு அதே மேலாளரிடம் திரும்பும்போது மரியாதைச் சொற்கள் எல்லாம் வந்துவிடும். வெளியாளிடம் பேசும்போது மேலாளரும் 'நம்மவர்' வட்டத்துக்குள் வந்துவிடுவதால் அவரைத் தாழ்த்துவது முறையாகிறது. முதலாளியைப் பற்றி வெளியாளிடம் பேசும்போதும் 'அவர் இல்லீங்க' என்றே சொல்லும் நமக்கு இது உண்மையிலேயே அயலானது. மரியாதை தமிழில் ஆளோடு ஒட்டியிருக்கிறது. அங்கே யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து நகர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை உணர எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இன்னும் இரண்டு இலக்கணக் கூறுகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, கேள்விப்பட்டதையும் கண்டதையும் வினையே பிரிக்கிறதா என்பது: துருக்கியில் 'கெல்தி' என்றால் வந்தார், 'கெல்மிஷ்' என்றால் வந்தாராம். மற்றொன்று, கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்ற பிரிவு: இந்தோனேசியத்தில் 'கிட்டா', 'காமி' என்று அது அப்படியே இருக்கிறது.

ஆறாம் படி: நேரமும் திசையும்

சுவாஹிலியில் 'சா மோஜா', அதாவது ஒரு மணி என்றால், நம் கடிகாரத்தில் காலை ஏழு. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கே விடிவதால் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மரபை அறிந்தவர்களுக்கு இதன் தருக்கம் எளிதில் பிடிபடும், என்றாலும் சந்திப்பு நேரத்தை இருமுறை கேட்டு உறுதி செய்வது நல்லது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியில் இடம், வலம் என்று சொல்லாமல், ஒருவரின் காலருகே எறும்பு இருப்பதையும் வடக்கு, கிழக்கு என்றே சுட்டுவார்கள். 1770இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் வந்தவர்கள் கங்காரு என்ற சொல்லைக் குறித்துக்கொண்டதும் இம்மொழியிலிருந்துதான்.

ஏழாம் படி: மறுப்பைக் கேட்கப் பழகுங்கள்

இதைப் பேச்சு வழியாக மட்டுமே கற்க முடியும். ஜப்பானியர் ஒருவரை அழைப்பு விடுத்துக் கேட்டால் 'சொத்தோ...', அதாவது 'கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்திவிடுவார். அதுவே முழுமையான மறுப்பு. பாரசீகத்தில் பணம் கொடுக்க முனைபவரிடம் 'காபெல் நதாரே', உங்களுக்கு முன் இதற்கு மதிப்பில்லை என்று ஓட்டுநரும் கடைக்காரரும் சொல்வார்கள். அது இலவசம் என்று பொருள்படாது. நீங்கள் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். 'தாரோஃப்' என்று பெயர் பெற்ற இந்த உபசார முறையில் எத்தனையாவது மறுப்பு உண்மையான மறுப்பு என்பதே கேள்வி. உரையாடல்களைக் கேட்கும்போது ஒவ்வோர் அழைப்பும் எத்தனை முறை மறுக்கப்பட்டு எப்போது ஏற்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.

எட்டாம் படி: எந்த வழக்கைக் கற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் எட்ட நிற்கும் மொழிகளைப் பற்றி மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதியபோது அரபு, நவீன கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டி கிரியோல் ஆகியவற்றைச் சான்றாகக் காட்டினார். செந்தமிழும் பேச்சுத் தமிழும் அறிந்த நமக்கு இந்த நிலை புதிதன்று. அதனாலேயே, நூல் வழக்கை மட்டும் கற்று அதைப் பேசினால் கேட்பவர் முகத்தில் தோன்றும் புன்னகையின் பொருளும் நமக்குத் தெரியும். கிரேக்கம் 1976இல் பேச்சை ஒட்டிய வழக்கையே கல்விக்கும் ஆட்சிக்கும் ஏற்றுக்கொண்டது. துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியதால் பழைய ஆவணங்களைப் படிக்க இன்று தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. உங்கள் மொழியில் இத்தகைய முறிவு எப்போதாவது நிகழ்ந்ததா என்று பாருங்கள்.

ஒன்பதாம் படி: கண்டுபிடித்ததைச் சோதியுங்கள்

பனிக்கு எஸ்கிமோ மொழிகளில் நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். 1911இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் காட்டியவை நான்கு வேர்ச்சொற்கள் மட்டுமே. பின்னர் எழுதியவர்கள் கைக்குக் கை அதைப் பெருக்கினார்கள். மொழிபெயர்க்க முடியாத சொற்கள் என்று சுற்றிவரும் பட்டியல்களையும் இதே ஐயத்தோடு அணுகுங்கள். ஒரு சொல் இருப்பதால் அந்த உணர்வு அவர்களுக்கு மட்டுமே உரியது என்றோ, ஒரு சொல் இல்லாததால் அந்தக் கருத்தே அவர்களிடம் இல்லை என்றோ ஆகாது.

ஆகவே உங்கள் முடிவுகளை மூன்று வெவ்வேறு வயதினரிடமாவது கேட்டுச் சரிபாருங்கள்: ஒருவர் உங்களைவிட மூத்தவர், ஒருவர் ஒத்தவர், ஒருவர் இளையவர். 'உங்கள் பண்பாட்டில் இது எப்படி' என்று பொதுவாகக் கேட்டால் பாடநூல் விடைதான் வரும். 'கடைசியாக இதை நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார்' என்று கேட்டால் உண்மை வரும்.

அந்த விடைகளுக்காகத்தான் நான்காவது பத்தி. என் குறிப்பேட்டில் 'சுமிமாசென்' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு எதிரே மூன்றாவது பத்தியில் 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தேன். நான்காவதில் முதல் திருத்தம்: உணவகத்தில் பணியாளரை அழைக்க, 'இங்கே பாருங்க'. சில வாரம் கழித்து இரண்டாவது திருத்தம்: கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவரிடம், 'ரொம்ப நன்றிங்க'. மூன்றாவது திருத்தம் அச்சொல்லின் வேரைப் பார்த்தபின் எழுதியது: 'தீரவில்லை'. பிறர் செய்த உதவியின் கணக்கு தன் பக்கம் இன்னும் தீரவில்லை என்ற பொருளிலிருந்து மன்னிப்பும் நன்றியும் ஒரே சொல்லுக்குள் வந்திருக்கின்றன. அதற்குக் கீழே, 'ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்' என்று நாம் நன்றி சொல்லும் இடங்களைத் தொகுக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.